திருவிடவெந்தைக் கரையும் மனைநில முதலீடும்

சென்னையினின்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் செல்வோர், கோவளத்தைக் கடந்தவுடன் திருவிடந்தை என்னும் சிற்றூரை அடைவர். திருவிடவெந்தை என்று பண்டு வழங்கிய இவ்வூரில் நித்திய கல்யாணப் பெருமாள் வராக மூர்த்தியாய்த் திருமகளைத் தம் இடப்பக்கத்தே தாங்கி நிற்கின்றார். திருவை இடப்பால் கொண்ட எந்தை என்பதே ஊர்ப்பெயர்க்குக் கூறப்படும் பொருள். கடலுள் அமிழ்ந்த நிலமகளைத் தம் கோட்டால் ஏந்தி வெளிக்கொணர்ந்தவர் வராகர் என்பது புராணம். அவ்வராகர் கோயிலைச் சுற்றிய கரைநிலமே இந்நாளில் சதுர அடிக் கணக்கில் விலை கூறப்படுகின்றது. சாலையின் இருமருங்கும் மனை விற்பனைப் பலகைகள் நிற்கின்றன. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் தம் வாழ்நாட் சேமிப்பை இத்தகைய மனைகளில் இட்டிருக்கின்றனர். இன்றைய மாணவர் சிலரின் பெற்றோரோ தம் நிலத்தை அவ்வாறு விற்றுக் கிடைத்த பொருளாலேயே இவர்களைப் படிக்க வைக்கின்றனர். ஆதலின், நிலத்தின் விலை ஏன் ஏறுகின்றது, அவ்வேற்றம் யாரைச் சேர்கின்றது, மாதச் சம்பளம் பெறுவோன் ஒருவன் அதில் தன் முதலை இடுங்கால் எவற்றை ஆராய்தல் வேண்டும் என்னும் வினாக்களை இவ்வொரு கரையை முன்னிறுத்தியே ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அளவைச் சொற்களை நோக்குவோம். செங்கற்பட்டுச் சீமையில் நிலத்தை அளந்த பழைய பெயர் காணி. அளவையாகக் கொள்ளுங்கால் ஒரு காணி 57,600 சதுர அடி. அஃது 24 மனை. மனையை நாம் கிரவுண்டு என்போம். அதன் அளவு 2,400 சதுர அடி. ஆனால் காணி என்னும் சொல் அளவையை மட்டும் குறித்ததன்று. தொண்டைமண்டலத்தில் அஃது உரிமையின் பெயருமாகும். ‘எனக்கு இவ்வூரில் காணி உண்டு’ என்று ஒருவன் கூறின், இன்ன வரப்பிற்குள் இத்தனை நிலம் என்று அவன் கூறவில்லை. ஊரின் விளைவிலும் தோப்பிலும் நீரிலும் தரிசிலும் தனக்கொரு பங்கு உண்டு என்றே கூறினான். இவ்வுரிமையைக் காணியாட்சி என்றனர். பிற்காலத்தில் அரபுச் சொல்லால் மிராசு என்றனர். சில ஊர்களில் பங்காளிகள் குறித்த ஆண்டுகளுக்கொருமுறை தத்தம் நிலங்களை மாற்றிக்கொள்வர். இதற்குக் கரையீடு என்று பெயர். நல்ல நிலம் என்றும் ஒருவனிடத்தும், உவர்நிலம் என்றும் மற்றொருவனிடத்தும் தங்காதிருக்க அவர் கண்ட உபாயம் இது. காணி கிரவுண்டாகி, கிரவுண்டு சதுர அடியான வரலாறே நிலம் ஊர்ப்பங்காக இருந்தது மாறி விற்பனைச் சரக்காக ஆன வரலாறாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு ஆர்க்காட்டு நவாபால் 1763இல் ஜாகீராக அளிக்கப்பட்ட நாடு இது. லயனல் பிளேஸ் என்பார் 1790களில் இங்கு வரி வசூலித்த காலத்தில், நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை காணாது கம்பெனியார் இடர்ப்பட்டனர். 1802இல் நாட்டை மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்றனர். ஏலம் எடுத்தோர் பலர் வரி கட்ட இயலாது விழுந்தனர். சில ஆண்டுகளுக்குள் அவ்வேற்பாடு குலைந்தது. நிலத்தை ஏலச்சரக்காக்கி வணிகர்க்கு விற்று உடனே வருவாய் காணலாம் என்னும் எண்ணம் இக்கரைக்குப் புதியதன்று. அதன் தோல்வியும் புதியதன்று. நம் கல்லூரித் தமிழ்ப் பகுதியினர் நன்கறிந்த எல்லிஸ் துரை மிராசு உரிமையைப்பற்றி எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. திருக்குறளுக்கு உரை கண்ட அவரே காணியாட்சிக்கும் உரை கண்டார் என்னலாம்.

காணியாட்சியை நாம் பொற்காலமென்று புகழ்தற்கில்லை. பங்கில்லாதார் தொகையே ஊரில் மிகுதி. உள்குடி, புறக்குடி என்போர்க்கு உழும் உரிமை ஓரளவு இருந்தது. அவர்க்குக் கீழே வயலில் உழைத்த ஆதிதிராவிட மக்களுக்குக் குடியிருந்த குடிசையின் அடிமனையும் சொந்தமன்று. தரிசு நிலத்தை அவர்கள் விண்ணப்பித்துக் கேட்பினும், மிராசுதாரர்க்கே முதலுரிமை என்று மறுக்கப்பட்டது. செங்கற்பட்டில் ஆதம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கூடி ஆகிய மிஷனெரிமார் இக்கொடுமையைச் சர்க்காருக்கு எடுத்துரைத்தனர். கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இவ்வுண்மைகளை ஒளிவின்றிக் கூறியது. அதன் பயனாக 1892 முதல் தாழ்த்தப்பட்டோர்க்கு நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதற் பத்தாண்டுகள் அதனை யாருக்கும் விற்றலாகாது. அதன் பின்னரும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றலாகாது. விற்பின் அவ்விற்பனை செல்லாது.

இவ்வரலாறு முதலீட்டுக் கட்டுரைக்கு எற்றுக்கு என்று அன்பர் வினவலாம். இக்காலத்தும் இம்மாவட்டத்தில் பஞ்சமி நிலங்கள் பிறர் கையில் இருப்பதாக வழக்குகள் நிகழ்கின்றன. காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த கிளர்ச்சியில், 1994 அக்டோபர் 10ஆம் நாள், போலீசார் சுட்டு இருவர் மாண்டனர். மலிவாகக் கிடைக்கும் ஒரு மனையின் அடியில் இத்தகைய உரிமை ஒன்று புதைந்திருக்கலாம். அறம் ஒருபுறம் நிற்க, பொருள் ஒன்றையே கருதுவோனும் இதனை அறிதல் வேண்டும். ஏனெனின் நிபந்தனையை மீறி வாங்கிய கிரயப் பத்திரம் அவனைக் காப்பாற்றாது.

இனி, விலையேற்றத்தின் காரணத்தைக் காண்போம். ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1817இல் வெளியிட்ட நூலில், நிலவாரம் என்பது வளம் மிக்க நிலத்திற்கும் வளங் குறைந்த நிலத்திற்கும் உள்ள வேறுபாட்டால் எழுவது என்றார். ஜெர்மானியராகிய தூனன், 1826இல், சந்தைக்கு உள்ள தூரமும் அவ்வாறே வாரத்தை நிர்ணயிக்கும் என்று காட்டினார். திருவிடந்தைக் கரையின் மணலில் ரிக்கார்டோ கூறும் வளம் மிகச் சிறிதே. ஆகவே இதன் விலை முழுவதும் தூனன் கூறும் தூரத்தைச் சார்ந்தது. தூரமோ கோலால் அளக்கப்படுவதன்று. அந்தந்தக் காலத்தின் ஊர்தியால் அளக்கப்படுவது.

சான்று கூறுவோம். 1806இல் தொடங்கிப் பையப் பைய நீண்ட பக்கிங்காம் கால்வாய், 1877-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கூலியாட்களால் சென்னை நகரினூடே இணைக்கப்பெற்று, அந்நாளைய கவர்னரின் பெயரைத் தாங்கியது. இக்கால்வாய் திருவிடந்தைக்கு மேற்கே ஓடுகின்றது. கோவளத்து உப்பும், கரைமணலில் வளர்ந்த சவுக்கு விறகும் படகேறிச் சென்னைக்குச் சென்றன. மனிதர் தீண்டாத மணல் மேடு, படகுவழி வந்தவுடன் வருவாய் தரும் சொத்தாயிற்று. நெம்மேலியினின்று மாமல்லபுரம் வரை ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட கரைநிலத்தைப் பண்படுத்தி, 1914இல் மறைந்த ஆளவந்தார் நாயகர் அதனை அறத்திற்கு எழுதி வைத்தது இவ்வூழியில்தான். பின்னர் லாரி வந்தது, மண்ணெண்ணெய் அடுப்பும் அதன்பின் எரிவாயு அடுப்பும் வந்தன, விறகின் தேவை குன்றியது, கால்வாய் தூர்ந்தது. கால்வாய்க் கரையில் படகுத்துறைக்கு அருகென்று ஒருகாலத்தில் மதிக்கப்பெற்ற நிலம் இன்று வெள்ளத்திற்கு அருகென்று அஞ்சப்படுகின்றது. நிலம் இருந்த இடத்தே இருந்தது. உலகம் அதனை விட்டு வேறு வழியே நடந்தது.

மற்றொரு சான்றும் நமக்கு அணித்தானதே. மின்சார இரயில் 1931இல் தாம்பரத்தை எட்டியது. நெருக்கடி மிக்க ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக் காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. இரயில் முன்னே செல்ல, கல்வி பின்னே செல்ல, அதன்பின் வீடுகள் சென்றன. இம்முறை மாறி, வீட்டு மனைகள் முதலிற் சென்று, வழியும் பள்ளியும் நீரும் பின்னர் வருமென்று காத்திருக்கும் இடங்களை இன்று நாம் காண்கின்றோம். காத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு. அதனைப் பிறகு கணக்கிடுவோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களின் இறுதியில் செப்பம் பெற்றது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. பழைய மாமல்லபுரம் சாலை கணினித் தொழிலின் நெடுஞ்சாலையாயிற்று. சிறுசேரியில் சிப்காட் வளாகம் எழுந்தது. செங்கற்பட்டை அடுத்த பரனூரில் மகிந்திரா உலக நகரம் 2002இல் தோன்றியது. கேளம்பாக்கத்தினின்று கோவளத்திற்குக் குறுக்குச் சாலை உண்டாதலின், மேற்கே எழுந்த சம்பளம் கிழக்கே கடலோரத்து நிலத்தைத் தேடி வந்தது. 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை மத்திய சர்க்காரின் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி இத்திருவிடந்தையிலேயே நிகழ்ந்தபொழுது, ஊரின் பெயர் உலகெங்கும் அச்சாயிற்று. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. இவற்றுள் எதனையும் செய்தவர் மனையின் சொந்தக்காரர் அல்லர். அமெரிக்கராகிய ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுப்பிய வினா இதுவே: சமுதாயம் முழுதும் உழைத்து உண்டாக்கிய விலையேற்றத்தைத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் எடுத்துக்கொள்வது எவ்வாறு முறையாகும்? அவர் கூறிய ஒற்றை வரியை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் சாலை வருமுன்னரே அதன் வரவை அறிந்தவன் அறியாத உழவனிடம் வாங்கிய நிலத்தின் இலாபத்தைச் சாமர்த்தியம் என்று மட்டும் கூறி அமைதல் எமக்கு ஒவ்வவில்லை.

நிற்க. கணினித் தொழிலால் உயர்ந்த நிலம் அத்தொழிலின் போக்கையே நம்பி நிற்கும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டு அலுவலகங்கள் மூடப்பட்டபொழுது, பல்லாயிரவர் தத்தம் சொந்த ஊரிலிருந்தே பணிசெய்தனர். அலுவலகத்திற்கு அருகாமை என்னும் மதிப்பு ஒரு திங்களில் ஆட்டங் கண்டது. பின்னர் அலுவலகங்கள் நிரம்பின என்பது மெய்யே. ஆயினும் செயற்கை நுண்ணறிவு இன்று நிரல் எழுதுவோர் வேலையிலேயே கைவைத்திருக்கின்றது. இதனால் ஆட்குறைப்பு நேருமா, புதுத்தொழில் பிறக்குமா என்று கணித்துரைத்தல் எம் நோக்கமன்று. சவுக்கு விற்றவன் எரிவாயுவை எதிர்பார்த்திலன் என்பதே எம் கருத்து. அலுவலக வாடகையும் மனை விலையும் ஒரே தொழிலைச் சார்ந்திருக்க, வாங்குவோன் சம்பளமும் அத்தொழிலினின்றே வருமாயின், அவன் மூன்று பானைகளையும் ஒரே உறியில் வைத்தவனாவான்.

இனிக் கணக்கு. 20 இலட்சம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்குவதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 2023 முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 1 இலட்சத்து 80 ஆயிரம் சேர, அடக்கம் 21 இலட்சத்து 80 ஆயிரம். பத்தாண்டில் மனை இரட்டிப்பாகி 40 இலட்சத்திற்கு விற்றது. தரகு 2 விழுக்காடு கழிய 39 இலட்சத்து 20 ஆயிரம் கைக்கு வந்தது. ‘இரட்டிப்பாயிற்று’ என்று ஊரார் வியப்பர். கூட்டுவட்டி முறையில் கணக்கிடின் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடே தேறும். வேலி, காவல், வருமான வரி இவற்றை யாம் இன்னும் கழிக்கவில்லை. வங்கியில் 9 விழுக்காட்டு வட்டிக்குக் கடன்பெற்று வாங்கியிருப்பின், இரட்டிப்பான மனையிலும் நட்டமே. வீடாயின் வாடகையேனும் வரும். வெற்று மனை நெருஞ்சி முள்ளன்றி வேறொன்றும் விளைக்காது. இக்கணக்கை மாணாக்கர் ஒவ்வொருவரும் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

விற்க எண்ணிய நாளில் விற்க இயலாமை மற்றொரு குறை. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்தலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் நாள் ஆணையிட்டது. 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வெளியாகும் வரை மாநிலமெங்கும் எண்ணிறந்த மனைகள் கைமாறாது கிடந்தன. மகள் மணத்திற்கென்று மனையை நம்பியிருந்தோர் அவ்வெட்டு மாதங்களில் பட்ட பாடு சிறிதன்று. நித்திய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தி வலம்வந்தோருள்ளும் அத்தகையார் சிலர் இருந்திருப்பர்.

கடல் எவருக்கும் பத்திரம் எழுதித் தருவதில்லை. 1926இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் மனைவிலை வெறி தலைக்கேறியிருந்த காலத்து, செப்டம்பர் மாதப் புயல் ஒன்று மயாமி நகரை மோதி அதனைத் தணித்தது. நம் கரையில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி வந்தது. அது பின்வாங்கியபின் சாளுவன்குப்பத்தில் மணல் விலகிய பாறையொன்றில் எழுத்துகள் தென்பட்டன. அவற்றைத் தொடர்ந்து 2005 முதல் அகழ்ந்ததில், பல்லவர் காலத்துக் கருங்கற் கட்டடமும், அதனடியில் அதனினும் பழைய செங்கல் முருகன் கோயிலும் வெளிப்பட்டன. பழைய கோயில் பேரலையால் அழிந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. அவ்விடம் திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ளது.

கரையோர ஒழுங்குமுறை ஆணை 1991 பிப்ரவரி 19இல் முதலில் வெளிவந்தது. உயர்ந்த ஓதவரம்பினின்று 500 மீட்டர் வரை அஃது ஆட்சி செய்யும். நாட்டுப்புறக் கரையில் முதல் 200 மீட்டருள் புதுக்கட்டடம் கூடாது என்பது பொதுவிதி. 2011இலும் 2019இலும் ஆணை திருத்தப்பட்டது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கரையூர்களில் 200 மீட்டர் 50 மீட்டராகக் குறையலாம் என்பது 2019ஆம் ஆண்டின் திருத்தம். ‘கடல் தெரியும் மனை’ என்று விளம்பரம் செய்யப்படும் நிலத்தில் வீடு கட்ட இயலுமா என்பதை இவ்வரம்புக் கோடே தீர்மானிக்கும். ஓதவரம்போ நிலையானதன்று, கரை அரிக்கப்படுந்தோறும் அது மேற்கே நகரும்.

நீரைப்பற்றியும் ஒரு சொல். இம்மணலின் அடியில் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய ஏடுபோல் மிதந்து நிற்கின்றது. கைக்கிணற்றால் முகந்த காலத்தில் அது குறையவில்லை. ஆழ்துளைக் குழாயும் மின்விசைப் பம்பும் அதனை வரம்பின்றி இறைக்குங்கால் உவர் மேலேறும், ஏறியபின் பல மாரிகள் கழிந்தன்றி இறங்காது. இதற்கிடையே, அண்டையிலுள்ள நெம்மேலியில், முன்னர்க் கூறிய ஆளவந்தார் அறக்கட்டளை நிலத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில் தொடங்கிற்று. 15 கோடி லிட்டர் அளவில் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்நீர் சென்னைக்காக உண்டாக்கப்படுவது. ஆலைக்கு அருகே மனை வாங்கியதனாலேயே தன் வீட்டுக் குழாயில் அந்நீர் வரும் என்று ஒருவன் எண்ணலாகாது.

இறுதியாகப் பத்திரங்களைப்பற்றி. முன்னாளில் ஒரு மனையின் வில்லங்கத்தை அறியச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பல நாள் காத்திருத்தல் வேண்டும். இந்நாளில் வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, நில அளவைப் படம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கணினியில் காணலாம். 2018 முதல் பதிவு முழுதும் இணையவழி நடைபெறுகின்றது. 2016ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் ஆணையத்தில் பதியப்பெறல் வேண்டும். வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காடு தனிக்கணக்கில் நிற்றல் வேண்டும். இவை சிறந்த சீர்திருத்தங்களே. எனினும் கணினி தனக்கு ஊட்டியதையே திருப்பிச் சொல்லும். வில்லங்கச் சான்று பதிவான கிரயங்களை மட்டும் காட்டும். பதிவாகாத பாகமும், வாயுரையாய் நின்ற குத்தகையும், நிலுவையிலுள்ள வழக்கும் அதில் தோன்றாதிருத்தல் கூடும். பட்டா வருவாய்த் துறையின் சான்றே. உரிமை மூலத்தை ஆராய முன்பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் படித்தல் வேண்டும்.

கோயில் நிலத்தில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டப்படும். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் இசைவின்றிக் கோயில் நிலத்தை விற்பதும், ஐந்தாண்டுக்கு மேற்பட்டுக் குத்தகைக்கு விடுவதும் செல்லா. 109ஆம் பிரிவோ, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் காலவரையறையைக் காட்டி அந்நிலத்தைத் தனதாக்கிக்கொள்ள இயலாதபடி செய்கின்றது. பெருமாளும் ஆளவந்தார் அறக்கட்டளையும் பெருநிலக்கிழாராய் விளங்கும் கரையில், வாங்கக் கருதும் புல எண் பழைய ‘அ’ பதிவேட்டில் யார் பெயரில் நின்றது என்று திருப்போரூர் வட்ட அலுவலகத்தில் நேரிற் சென்று பார்ப்பது இன்றியமையாதது. பழைய கையெழுத்தையும் ‘மானியம்’, ‘தேவதாயம்’, ‘நிபந்தனை’ முதலிய பரிபாஷைகளையும் படிக்க வல்லார் இந்நாளில் அருகி வருகின்றனர். தமிழ் பயிலும் மாணாக்கர் இதனைப் பழகுவராயின் தம் ஊரார்க்குப் பெரிதும் பயன்படுவர்.

அலுவலகத்தினின்று வெளிவந்தபின் நிலத்தையும் ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு வழியாகவும் ஒக்கியம் மடுவு வழியாகவும் கால்வாயிற் கலந்து, கோவளத்துக் கழிமுகத்தில் கடல் சேரும். கோடையில் மேட்டுநிலம் போல் தோன்றுவது அப்பொழுது நீரின் பாதையாகக் காணப்படலாம். கிழக்கே கடலை நோக்கி நடப்பின், குப்பத்து மீனவர் படகேற்றும் இடமும் வலை உலர்த்தும் இடமும் குறுக்கிடும். தலைமுறைகளாய் அவர் ஆண்டுவரும் அவ்விடம் பெரும்பாலும் எவர் பெயரிலும் பட்டாவாகவில்லை; கணினித் திரையில் அது வெறும் புறம்போக்கு என்றே காணப்படும்.